எழுபத்தொன்பதா, எண்பத்தாறா

ஏற்காடு ஏரிக்கு எதிரே சங்கும் சிப்பியும் விற்கும் அப்துல் காதரிடம் 'தெரியாது' என்ற பதிலை இதுவரை யாரும் வாங்கியதில்லை. எந்தச் சிப்பியைத் தூக்கிக் காட்டினாலும் அதற்கு ஓர் ஊர், ஓர் ஆழம், ஒரு குணம் சொல்லிவிடுவார். புள்ளி போட்ட சோழி என்றால், "இது ராத்திரி மட்டுந்தானுங்க வெளிய வரும், நொம்பக் கூச்ச சுபாவம்" என்பார். முள்சங்கு என்றால், "இருபது ஆள் ஆழத்துல கெடக்கும், எடுக்கப் போனவன் கையைக் கிழிச்சுரும்" என்பார். சுற்றுலா வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்கும். பெற்றோர் பையைத் திறப்பார்கள்.

இத்தனைக்கும் மனிதர் கடலைப் பார்த்ததே இல்லை. வயது ஐம்பத்து நான்கு. மலையை விட்டு இறங்கி அவர் போன தூரமெல்லாம் ஈரோடு, திருச்சி, ஒரு கல்யாணத்துக்குப் பெங்களூரு. சரக்கு ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பஸ் பார்சலில் சேலம் வந்து, அங்கிருந்து இருபது கொண்டையூசி வளைவும் சுற்றி மேலே வந்துவிடும். பிறகு அவர் எதற்குக் கீழே போக வேண்டும்? பொய் சொல்கிறீர்களே என்று யாராவது கேட்டால் முகம் சிவந்துவிடும். "யாவாரம்ங்க" என்பார். அந்த ஒரு சொல்லில் எல்லாப் பாவமும் கழுவப்பட்டுவிடும் என்று அவருக்கு நம்பிக்கை.

கடையைத் தொடங்கியது அவரைப் பெற்ற அத்தா. அதற்கு முன் அவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் மூட்டைகளுக்கு மார்க் போடும் வேலையில் இருந்தார். எந்த மாதம், எந்த வருஷம், எந்தத் தோட்டம் என்று சாக்கில் மை வைத்து எழுதாமல் ஒரு மூட்டையும் லாரி ஏறாது. எஸ்டேட்டை விட்டு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. கடைக்கு வந்த பெரிய சாமான் ஒவ்வொன்றையும் குப்புறக் கவிழ்த்து, அடியில் சிவப்புப் பெயிண்டில் வந்த மாதமும் வருஷமும் இறங்கின கரையின் பெயரும் எழுதிவிடுவார். காதருக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. அத்தா மவுத்தாகிக் கண்ணை மூடிய பிறகு கடையில் எதற்கும் தேதி கிடையாது.

அத்தா எழுதிய சாமான்களில் மிச்சமிருந்தவை மேல் தட்டில் இருந்த ஒன்பது பவளக்கல். மான்கொம்பு போல் கிளை விட்டவை ஐந்து, முட்டைக்கோஸ் இலை போல் மடிந்தவை இரண்டு, பரங்கிக்காய் அளவில் உருண்டைகள் இரண்டு. இவை விற்பனைக்கு இல்லை. 'கடைக்கு முகம்' என்று அத்தா சொல்லி வைத்துவிட்டுப் போனார். கோடை சீசனுக்கு முன்னால் ஒன்பதையும் இறக்கி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் காய வைத்து, மறுபடி ஏற்றி வைப்பது காதரின் வழக்கம். அப்படி ஒரு வெள்ளை வேறு எதிலும் வராது என்று அவருக்குப் பெருமை.

இந்த வருஷம் சீசன் தொடங்கின வாரத்தில் மகள் அஃப்சானா ஊருக்கு வந்தாள். தூத்துக்குடியில் மீன்வளம் நான்கு வருஷம் படித்து முடித்தவள். மன்னார் வளைகுடாவில் பவளத்திட்டுகளை ஆராய்கிற ஜெயபிரகாஷ் என்ற விஞ்ஞானியிடம் உதவியாளர் வேலைக்குக் கேட்டிருந்தாள். இருப்பது ஓர் இடம், கேட்டிருப்பவர்கள் நாலைந்து பேர். அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று காதரின் மனைவி சலீமா நோன்பு வைத்துக்கொண்டிருந்தாள். காதர் நோன்பு வைக்கவில்லை, ஆனால் வருகிற வாடிக்கையாளரிடம் எல்லாம், "எம்புள்ள சயின்டிஸ்ட்டுங்க" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை கடைக்கு வந்த அஃப்சானா மேல் தட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். பிறந்ததிலிருந்து பார்த்த கல்தான். அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். செல்லில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

"அத்தா, இதெல்லாம் என்னன்னு நெனைச்சுட்டு இருக்கீங்க?"

"கல்லு கண்ணு. கடல் கல்லு."

"கல்லு இல்லத்தா, உசுரு. கடுகாட்டம் ஆயிரக்கணக்குல உசுருங்க சேந்து கட்டுன ஊடு."

செல்லில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். மண்டபத்துக்குப் பக்கத்துத் தீவில் தண்ணீருக்கு அடியில் எடுத்தது. காதர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். பழுப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கல் காடு. அலகு வைத்த மீன் ஒன்று கல்லைக் கடித்து மென்று பின்னால் மணலாக விட்டுக்கொண்டு போயிற்று. தரையில் கடல் அட்டை ஒன்று கிடந்தது. ஓர் ஆமை இவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கடந்து போயிற்று. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த கடலில் ஒன்றுகூட இப்படி இல்லை.

"ஏன் கண்ணு, கல்லெல்லாம் இப்படி அழுக்கா கெடக்குது? ஒரு பயலும் கழுவ மாட்டானா?"

அஃப்சானா சிரித்துவிட்டாள். "அதுதான் அத்தா அதோட உசுரு நெறம். கடல்தண்ணி சூடேறிச்சுன்னா வெளுத்துப் போயிரும். வெள்ளையாச்சுன்னா ஒண்ணு செத்துப்போச்சு, இல்லைன்னா சாகக் கெடக்குதுன்னு அர்த்தம்."

காதர் தன் ப்ளீச்சிங் பவுடர் டப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"வாய் இருக்குதா அதுக்கு?"

"இருக்குது."

"காலு?"

"இல்ல."

"அப்ப சோத்துக்கு எங்க போகும்?"

"ஒடம்புக்குள்ளயே ஒரு பாசி குடியிருக்குது. வெயில் பட்டா அது ஆக்கிப் போட்டுரும். பத்தாததுக்குக் கையை நீட்டித் தண்ணில வர்றதைப் புடிச்சுக்கும்."

"அப்ப அது செடியா?"

"இல்லத்தா. செடியை உள்ள வெச்சிருக்கற பிராணி. கல்லு அது கட்டுன ஊடு."

கல், செடி, பிராணி. ஏதாவது ஒன்றாக இருந்து தொலைக்க வேண்டியதுதானே என்று காதருக்கு எரிச்சல் வந்தது. முப்பது வருஷமாகத் தூசி தட்டித் தூக்கி வைத்த சாமான் திடீரென்று வாய் முளைத்து உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் வராது?

அதோடு விட்டாளா? "இன்னொண்ணு அத்தா. புலித்தோல் வெச்சிருந்தா என்ன சட்டமோ அதே சட்டந்தான் இதுக்கும். கடையில வெக்கக் கூடாது. பயப்படாதீங்க, ஞாயித்துக்கிழமை ஜெயபிரகாஷ் சார் இங்க வர்றாரு. அவரையும் கூட்டிட்டுப் போயி ஃபாரஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தரலாம். நான் பாத்துக்கறேன்." மறுநாள் காலை பஸ்ஸில் சேலத்துக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

'பயப்படாதீங்க' என்று அவள் சொன்ன நிமிஷத்திலிருந்துதான் காதருக்குப் பயம் பிடித்தது. வெறும் கல்லுக்கும் புலிக்கும் ஒரே சட்டமா? எழுதிக் கொடுப்பது என்றால் என்னத்தை எழுதுவது? 'நான் புலித்தோல் வைத்திருந்தேன்' என்கிற மாதிரியா? அதையும் யார் முன்னால்? மகளுக்கு வேலை கொடுக்கப்போகிற மனிதர் முன்னால். பவளத்தைக் காப்பாற்றுகிற வேலைக்கு வருகிற பெண்ணின் அப்பன் பவளத்தைக் கடையில் அடுக்கி வைத்திருக்கிறான் என்று அந்த மனிதர் மேல் தட்டை நிமிர்ந்து பார்க்கிற காட்சி அவர் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. அந்த ஓர் இடம் போய்விடும். தன்னால் போய்விடும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சலீமாவிடம் கேட்டார். மகள் கல் இல்லை என்றாள், உயிர் என்றாள், உள்ளே செடி என்றாள் என்று இவர் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அவள் கரண்டியோடு நின்று கேட்டாள்.

"ஏனுங்க, கல்லுன்னா கெடக்கட்டும். உசுருன்னா அடக்கம் பண்ணிருங்க. ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணிட்டு வாங்க, சோறு ஆறுது."

முடிவு பண்ணிக் கொடுத்தது தலைச்சோலை செல்லப்பன். காப்பியும் மிளகும் போட்டிருக்கும் மலை விவசாயி. வெள்ளிக்கிழமைதோறும் வண்டியில் பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்து கடைகளுக்குப் போட்டுவிட்டு, காதர் ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு கிளையை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பாய், இது சுண்ணாம்புங்க. நம்ம தோட்டத்து மண்ணு புளிச்சுப்போயிக் கெடக்குது. மழைக்கு முன்னால வருசா வருசம் சுண்ணாம்பு வாங்கித்தான் எறைக்கறேன். இதை இடிச்சுக் காப்பிக்குப் போட்டா செடிக்கும் ஆச்சு, உங்களுக்கும் தொந்தரவு போச்சு. ஃபாரஸ்ட்காரன் வந்து மண்ணைத் தோண்டியா பாக்கப் போறான்?"

உலகத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு மனிதன் பேச முடியுமா என்று காதருக்கு ஆச்சரியமாக இருந்தது. சனிக்கிழமை, அதுவும் சீசன் சனிக்கிழமை, கடையைச் சாத்திவிட்டு ஒன்பதையும் சாக்கில் சுற்றி சரக்கு ஆட்டோவில் தலைச்சோலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் வேலை தொடங்கியது. செல்லப்பன் முதல் கல்லைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "பெயிண்டு இருக்குதுங்களே. இது மண்ணுக்கு ஆகாது, வேரைக் கெடுத்துப் போடும்." மனிதர் மண் விஷயத்தில் கறார். உளியை எடுத்து ஒன்பது கல்லின் அடியையும் வெள்ளை தெரிகிற வரை செதுக்கினார். சிவப்புச் சில்லுகளை அவர் மனைவி மாதம்மாள் கூட்டி அள்ளி, சருகோடு வெந்நீர் அடுப்பில் போட்டாள். அத்தாவின் கையெழுத்து எரிகிறதே என்று காதருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அன்றைக்கு அவருக்குத் தோன்றியவை ஏராளம், அதில் இதுவும் ஒன்று.

சம்மட்டியைக் கையில் வாங்கியதும் அடுத்த குழப்பம். உயிர் என்றாளே, பிஸ்மில்லா சொல்ல வேண்டுமா? கடல் பிராணிக்கு அறுப்பு கிடையாது, அது தெரியும். ஆனால் இது செத்து நாற்பது வருஷம் ஆகிறது. அதோடு தின்னப்போவது இவர் அல்ல, காப்பிச்செடி. கேட்டுத் தெளியப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் பக்கத்தில் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முணுமுணுப்பாகச் சொல்லிவிட்டு அடித்தார்.

கிளை ஒன்று முறிந்து காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தார். உடைந்த இடம் முழுக்க ஊசித் துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் நட்சத்திரம் மாதிரி சின்னச் சின்னத் தடுப்புகள். தடுத்துத் தடுத்து அறை கட்டியிருந்தார்கள். முப்பது வருஷம் கழுவிய கையில் இப்போதுதான் அது தெரிந்தது. வீடுதான், அவள் சொன்னது சரி. நிறுத்திவிடலாமா என்று காதர் நினைத்தார். நிறுத்தி, எங்கே கொண்டுபோய் வைப்பது? மறுபடி அடித்தார்.

கிளைகளும் மடிப்புகளும் எளிதில் மாவாயின. உருண்டைகள்தான் படுத்தின. ஒன்று கடப்பாரைக்குப் பிளந்து, பிறகு பொடியாயிற்று. மற்றது அசைந்து கொடுக்கவில்லை. இருட்டுவதற்குள் காதர் வீடு திரும்ப வேண்டும் என்பதால் செல்லப்பன் அதை உருட்டித் தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்தார். மாவை அன்றைக்கே காப்பிச்செடிகளின் தூரைச் சுற்றி இறைத்தும் விட்டார்கள்.

ஞாயிறு காலை அஃப்சானாவும் ஜெயபிரகாஷும் ஒரே காரில் கடைக்கு வந்து இறங்கினார்கள். மெலிந்த, அமைதியான மனிதர். காதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தி அஃப்சானா நிறையச் சொல்லியிருக்காங்க" என்றார். அதைச் சொல்லிக்கொண்டே மேல் தட்டைப் பார்த்தார். அங்கே பிளாஸ்டிக் பூச்சாடிகள் இருந்தன.

"அத்தா, எங்க அத்தா அது?"

'எப்பவோ வித்துப்போச்சுங்க' என்று சொல்லத்தான் காதர் தயாராக இருந்தார். வாயும் திறந்துவிட்டது. ஆனால் மகளின் முகத்தில் கோபம் இல்லை, நிம்மதியும் இல்லை. காணாமற் போன பிள்ளையைத் தேடுகிறவள் போல் தட்டுக்குத் தட்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயபிரகாஷ்தான் நிதானமாக விளக்கினார். "பயப்படாதீங்க. சட்டத்துக்கு முன்னாடி வந்த பொருள், ஒப்படைச்சுட்டா பிரச்சினை இல்லை, ஃபாரஸ்ட்ல பேசிட்டேன். நான் வந்தது அந்த உருண்டைக் கல்லுக்காக. மரத்துக்குள்ள வளையம் இருக்கும் பாருங்க, அந்த மாதிரி அதுக்குள்ள வருஷத்துக்கு ஒரு கோடு இருக்கும். கடல் எந்த வருஷம் சூடாச்சு, எப்ப நல்லா இருந்துச்சுன்னு அதுல படிக்கலாம். ஆனா கடல்லேருந்து எடுத்த வருஷம் தெரிஞ்சாத்தான் அங்கேருந்து பின்னாடி எண்ண முடியும். பழைய கல்லு யார்கிட்டயாவது இருக்கும், தேதியோட எவர்கிட்டயும் இருக்காது. உங்க அப்பா எழுதி வெச்சிருக்கார்னு இவங்க சொன்னதும் நம்பவே முடியலை. அதை வெச்சுத்தான் இவங்களுக்கு வேலையே ஆரம்பிக்கப் போகுது."

காதர் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாக வாயில் வந்ததையெல்லாம் சொன்ன மனிதருக்கு அப்போது ஒரு பொய்யும் கைகொடுக்கவில்லை.

"இடிச்சுப் போட்டுட்டேனுங்க" என்றார். "காப்பிக்கு."

மூவரும் காரில் தலைச்சோலைக்குப் போனார்கள். செல்லப்பன் விருந்தாளிகளைக் கண்ட உற்சாகத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் தோட்டத்தைத்தான் காட்டினார். செடிகளின் தூரில் வெள்ளை வட்டம் வட்டமாக மன்னார் வளைகுடா கிடந்தது. "மழை ஒண்ணு விழுந்தாப் போதுமுங்க, புடிச்சுக்கும்" என்றார். அஃப்சானா குனிந்து ஒரு விரலால் அந்த மாவைத் தொட்டாள். காதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரம்முக்கு முட்டாகக் கிடந்த உருண்டையை ஜெயபிரகாஷ்தான் பார்த்தார். ஈர மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்தார். தடவினார், தட்டிப் பார்த்தார், அஃப்சானாவைக் கூப்பிட்டார். "இது ஒண்ணு போதும்மா! உள்ள ஒரு சேதமும் இல்லை." அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் காதருக்கு உயிர் வந்தது.

"எந்த வருஷத்துக் கல்லுங்க இது?" என்று கேட்டார் ஜெயபிரகாஷ்.

அடிப்பக்கத்தைத் திருப்பினார்கள். உளி போன தடம் மட்டும் இருந்தது. செல்லப்பனும் பெயிண்டைத்தான் பார்த்திருந்தார், எழுத்தைப் பார்க்கவில்லை.

"உருண்டை ரெண்டுலயும் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம் சார்" என்றாள் அஃப்சானா. "எண் எழுதப் பழகுனதே அதுலதான். ஒண்ணு எழுபத்தொன்பது, ஒண்ணு எண்பத்தாறு. தட்டுல எடது பக்கம் இருந்தது எழுபத்தொன்பது." செல்லில் வியாழக்கிழமை எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். மேட்டையும் பள்ளத்தையும் ஒப்பிட்டார்கள். "இது எடது பக்கத்துக் கல்லுதான் சார்!"

ஜெயபிரகாஷ் காதரைப் பார்த்தார். "இடம் மாத்தாம வெச்சிருந்தீங்களா?"

காதர் நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் இறக்குவார், ஊற வைப்பார், காய வைப்பார், ஏற்றுவார். ஏற்றும்போது எது இடம், எது வலம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. சென்ற மாதம் ஏற்றும்போது ஏரிக்கரையில் நின்றிருந்த ஒரு கல்லூரிக் கூட்டத்துக்கு ஆமையின் ஆயுளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஏற்றினார். அது நினைவிருந்தது. கல் நினைவில்லை.

"சொல்லுங்க அத்தா. மாத்த மாட்டீங்கதானே?" அஃப்சானா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தலையசைப்பு போதும். ஆமாம் என்றால் எழுபத்தொன்பது, அவளுக்கு வேலை. பாதிக்குப் பாதி உண்மையாகக்கூட இருக்கலாம். இதைவிடப் பெரிய பொய்யை சிப்பி தொங்கும் ஒரு சாவி வளையம் விற்பதற்காக அவர் சொல்லியிருக்கிறார்.

"தெரியலைங்க" என்றார் அப்துல் காதர். "ஏத்தறப்ப நான் பாத்து ஏத்துனதில்லைங்க. எழுபத்தொன்பதா எண்பத்தாறா, எனக்குத் தெரியலைங்க."

ஜெயபிரகாஷ் கைமண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அப்ப ஒரு கோடும் எந்த வருஷத்துக்கும் சேராது. இந்த ஆய்வுக்கு இதை எடுத்துக்க முடியாதும்மா" என்றார். வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். அந்தக் குரலில் வழி இருப்பதாகத் தெரியவில்லை. மாதம்மாள் காப்பி குடிக்கக் கூப்பிட்டாள், அவர் உள்ளே போனார்.

அப்பனும் மகளும் காப்பிச்செடிகளுக்கு நடுவில் நின்றார்கள். அழுகிறாளா என்று பார்க்கக் காதருக்குத் தைரியம் வரவில்லை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தார். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை.

"மாத்தலைன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பேன் அத்தா."

"தெரியும் கண்ணு" என்றார் அவர். "அதனாலதான் சொல்லல."